ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி வீடு: மல்லசமுத்திரம் பக்கம் இருக்கிறவர்கள் ஏன் ஒருமுறை போய்ப் பார்க்கணும்?

ஓசூருக்குப் பக்கத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையை ஒட்டிய சின்ன ஊர் தொரப்பள்ளி. அங்கே ஒரு பழைய வீட்டை தமிழக அரசு நினைவு இல்லமாகப் பாதுகாத்து வருகிறது. இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல், அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர், இரண்டு முறை மெட்ராஸை ஆண்டவர், முதல் பாரத ரத்னாக்களில் ஒருவர் என்று பல அடையாளங்கள் கொண்ட ராஜாஜி பிறந்த வீடு அது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் அந்த வீட்டுக்கும் நாமக்கல் மாவட்டத்து மல்லசமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையவே இருக்கு. அந்த வீட்டில் பிறந்த குழந்தை வளர்ந்து பெரிய வக்கீலாகி, வருமானத்தை எல்லாம் விட்டுவிட்டு குடியேறிய இடம் திருச்செங்கோடு தாலுகா. மல்லசமுத்திரம் இருக்கும் அதே தாலுகா.

அவருக்குப் பிறப்பால் அமைந்த வீடு தொரப்பள்ளி. அவரே தேடிப்போய் அமைத்துக்கொண்ட வீடு புதுப்பாளையம் காந்தி ஆசிரமம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மனிதரைப் பற்றி இன்னைக்கும் ஓயாத சண்டை எதற்கு என்பது புரியும்.

எல்லாம் ஒரே மாவட்டம்!

ராஜாஜி பிறந்தது 1878 டிசம்பர் 10. அப்போது தொரப்பள்ளி சேலம் மாவட்டத்தில் இருந்தது. அன்றைய சேலம் மாவட்டம் ரொம்பப் பெரியது. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கும் அதற்குள் அடக்கம்.

1965-ல் தருமபுரி தனி மாவட்டமானது. 1997-ல் நாமக்கல் பிரிந்தது. 2004-ல் தருமபுரியில் இருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அதனால்தான் ராஜாஜியின் வாழ்க்கையைத் தேடிப் போகிறவர்கள் இன்று மூன்று, நான்கு மாவட்டங்களைச் சுற்ற வேண்டியிருக்கு. அவர் காலத்துக் கணக்கில் அது அத்தனையும் சொந்த மாவட்டம்தான்.

அப்பா சக்கரவர்த்தி வெங்கடார்யா ஐயங்கார், ஊர் முன்சீப். அம்மா சிங்காரம்மாள். மூன்று ஆண் பிள்ளைகளில் ராஜகோபாலன் கடைக்குட்டி. சிறு வயதில் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் பிள்ளை. பெரிய சொத்து கிடையாது. ஆனால் எழுத்தும் படிப்பும் தெரிந்த குடும்பம், அக்ரஹாரத்து வீடு. அந்தக் காலத்தில் இதுவே பெரிய முன்தொகை. இந்த விஷயத்தைக் கொஞ்சம் மனசில் வெச்சுக்கோங்க. பிறகு தேவைப்படும்.

வீட்டை விட்டுக் கிளம்பிய பையன்

சுமார் ஐந்து வயதிலேயே குடும்பம் ஓசூருக்கு வந்துவிட்டது. பள்ளிப் படிப்பு ஓசூரில். அடுத்து பெங்களூரு சென்ட்ரல் காலேஜ். 1894-ல் பட்டம் வாங்கியபோது வயது 16கூட நிரம்பவில்லை. பிறகு சென்னை பிரசிடென்சி காலேஜில் சட்டம். 1897-ல் படிப்பு முடிந்தது. அதே ஆண்டில் அலமேலு மங்கம்மாவோடு கல்யாணம்.

1900 வாக்கில் சேலத்தில் வக்கீல் தொழில் ஆரம்பித்தார். கிரிமினல் கேஸ்களில் பேர் எடுத்தார், நல்ல வருமானமும் வந்தது. மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். ஆனால் அவருக்கு நாற்பது வயது ஆகும் முன்பே மனைவி இறந்துவிட்டார். ஐந்து பிள்ளைகளையும் தனியாகத்தான் வளர்த்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1911-ல் சேலம் நகராட்சி உறுப்பினர். 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவர். சேலம் நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் வந்ததற்கு முயற்சி எடுத்தவர் ராஜாஜி. அதே 1917-ல், தேசத்துரோக வழக்கில் சிக்கிய சேலத்து சுதந்திரப் போராட்ட வீரர் டாக்டர் வரதராஜுலு நாயுடுவுக்காக கோர்ட்டில் வாதாடினார்.

பக்கத்து ஊரான ஈரோட்டிலும் அதே காலகட்டத்தில் ஒரு நகராட்சித் தலைவர் இருந்தார். பெயர் ஈ.வெ.ராமசாமி. பின்னாளில் பெரியார். இரண்டு பேருக்கும் நெருக்கமான நட்பு. பெரியாரை காங்கிரஸுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ராஜாஜிதான். இந்த நட்பு அடுத்த ஐம்பது வருஷத் தமிழக அரசியல் முழுக்க ஓடப்போகுது.

எல்லாத்தையும் விட்டது எப்படி?

1919 மார்ச்சில் காந்தி சென்னைக்கு வந்தார். தங்கியது கதீட்ரல் சாலையில் ராஜாஜி குடியிருந்த வீட்டில். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுக்க ஒருநாள் கடையடைப்பு நடத்தலாம் என்ற யோசனை காந்திக்கு உதித்தது அங்கேதான். ஏப்ரல் 6-ம் தேதி அது நடந்தது.

அதற்குப் பிறகு ராஜாஜி திரும்பிப் பார்க்கவில்லை. ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் வக்கீல் தொழிலை விட்டார். 1921 டிசம்பரில் கைதாகி வேலூர் சிறையில் மூன்று மாதம் இருந்தார். அங்கே எழுதிய நாட்குறிப்பு பிறகு புத்தகமாக வந்தது.

சிறையில் இருந்து வந்தவருக்கு ஒரு கேள்வி. கோர்ட் இல்லை, பதவி இல்லை. எங்கே போவது? அவர் தேர்ந்தெடுத்தது மழை பொய்த்த திருச்செங்கோட்டு மேட்டுநிலம்.

புதுப்பாளையம்: அவரே தேர்ந்தெடுத்த வீடு

புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தின சபாபதி கவுண்டர் நிலம் கொடுத்தார். 1925 பிப்ரவரி 6-ம் தேதி காந்தி ஆசிரமம் தொடங்கியது. திறந்து வைத்தது யார் தெரியுமா? பெரியார். அப்போது அவர் காங்கிரஸ்காரர். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காததால் காங்கிரஸை விட்டு வெளியே வந்துவிட்டார். இருவரும் அரசியலில் ஒரே மேடையில் இருந்த கடைசி வருஷம் அதுதான்.

ராஜாஜிக்கு அப்போது 46 வயது. பிள்ளைகளோடு ஒரு சின்னக் குடிசையில் வாழத் தொடங்கினார். அடுத்த மாதமே காந்தி ஆசிரமத்துக்கு வந்தார். 1934-ல் இன்னொரு முறையும் வந்தார்.

ஆசிரமத்தில் என்ன வேலை? முதல் வேலை கதர். இந்தப் பக்கம் பருத்தி விளையும் பூமி. மல்லசமுத்திரத்தில் இன்றும் பருத்தி ஏலம் நடக்கிறது, தெரியும். ஆனால் மழை இல்லாத வருஷத்தில் காட்டு வேலை நின்றுபோகும், கையில் காசு இருக்காது. ஆசிரமம் சுற்று வட்டார ஊர்ப் பெண்களுக்குப் பஞ்சைக் கொடுத்து நூலாக வாங்கி கூலி கொடுத்தது. நூல் நெசவுக்குப் போனது. மானாவாரி விவசாயக் குடும்பத்துக்கு, மழையை நம்பாத ஒரு சின்ன வருமானம். ஆசிரமத்தின் பொருளாதாரம் மொத்தமும் இதில் அடக்கம்.

இரண்டாவது, தீண்டாமை. ஆசிரமத்தில் தலித்துகளும் மற்றவர்களும் ஒன்றாகத் தங்கினார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள். 1925-ல் இந்தக் கிராமங்களில் அது சாதாரண விஷயமில்லை. சுற்றியிருந்தவர்களிடம் எதிர்ப்பு இருந்தது. அவர்கள் பின்வாங்கவில்லை.

இந்த நேரத்தில் ஒரு வழக்கு. திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூர் கோயிலுக்குள் போன ஒரு தலித் பக்தரை கோயிலைத் தீட்டுப்படுத்தியதாகச் சொல்லி தண்டித்துவிட்டார்கள். அவருக்காக வாதாட ஆள் தேவைப்பட்டது. கோர்ட்டே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த ராஜாஜி, தன் விரதத்தை விட்டு அந்த ஒரு மனிதருக்காக மறுபடி கோர்ட் ஏறினார். விடுதலை வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாவது, குடி. ஆசிரமத்தில் இருந்து 1929-ல் விமோசனம் என்ற பத்திரிகை வந்தது. முழுக்க முழுக்க மதுவிலக்குப் பிரசாரம். ராஜாஜிக்கு உதவியாக அந்தப் பத்திரிகையைத் தயாரித்த இளைஞர் யார் என்றால், பொன்னியின் செல்வன் எழுதப்போகும் கல்கி. ரா.கிருஷ்ணமூர்த்தி என்கிற கல்கி சில வருஷம் வாழ்ந்தது இந்த திருச்செங்கோட்டு ஆசிரமத்தில்தான். பத்து இதழ்களோடு பத்திரிகை நின்றுபோனாலும், அதில் ஆரம்பித்த வேலை எட்டே வருஷத்தில் சட்டமாக வந்தது.

ஆசிரமத்தில் இருந்து உப்புக்கு

1930-ல் காந்தி தண்டிக்கு நடந்தபோது, தமிழ்நாட்டில் அதே யாத்திரையை நடத்தியவர் ராஜாஜி. ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியில் இருந்து சுமார் நூறு தொண்டர்கள் கிளம்பினார்கள். சுமார் 240 கிலோமீட்டர் நடந்து 28-ம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ம் தேதி உப்பு அள்ளிய ராஜாஜி கைது.

தொண்டர்கள் வழிநெடுகப் பாடிக்கொண்டு போன பாட்டு நாமக்கல்காரர் எழுதியது. மோகனூரில் பிறந்த வெ.ராமலிங்கம் பிள்ளை, அதாவது நாமக்கல் கவிஞர். திட்டம் போட்டவர் திருச்செங்கோட்டுக் குடிசையில் வாழ்ந்தவர், பாட்டு எழுதியவர் நாமக்கல் கவிஞர். காவிரி டெல்டாவில் நடந்த யாத்திரைக்குள் சேலம் மாவட்டம் இருந்தது இப்படித்தான்.

1933-ல் ராஜாஜியின் மகள் லட்சுமிக்கும் காந்தியின் மகன் தேவதாஸுக்கும் பூனாவில் கல்யாணம் நடந்தது. இருவரும் வேறு வேறு சாதி. இரண்டு அப்பாக்களும் பிள்ளைகளைச் சில வருஷம் காத்திருக்கச் சொல்லி, மனசு மாறவில்லை என்று உறுதியானபிறகுதான் சம்மதித்தார்கள்.

1937 அக்டோபர் 1: சேலத்தில் கள்ளுக்கடை மூடிய நாள்

1937-ல் காங்கிரஸ் ஜெயித்து ராஜாஜி மெட்ராஸ் மாகாணப் பிரதமரானார். இன்றைய கணக்கில் முதல்வர். பதவிக்கு வந்து மூன்று மாதத்துக்குள் செய்த காரியம், மதுவிலக்கு. முதலில் எங்கே? சேலம் மாவட்டத்தில்.

1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் மூடப்பட்டன. மல்லசமுத்திரமும் தொரப்பள்ளியும் அதில் சேர்த்திதான். பிறகு சித்தூர், கடப்பா, வடஆற்காடு என்று விரிந்தது. 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது.

கடையை மூடுவது சுலபம். அரசாங்கத்துக்கு வரும் கலால் வருமானம் போச்சே, அதற்கு என்ன வழி? இங்கேதான் இன்றுவரை நாம் தினமும் பார்க்கும் ஒரு விஷயம் பிறந்தது. 1939-ல் ராஜாஜி அரசு பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தது. பொருட்கள் விற்பனை மீது பொதுவாக வரி போட்ட முதல் மாகாணம் மெட்ராஸ். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் மற்ற மாகாணங்களும் ஒவ்வொன்றாக இதைப் பின்பற்றின. மளிகைக்கடை பில்லில் இன்று இருக்கும் ஜிஎஸ்டியின் தாத்தா அந்த வரிதான்.

இதில் ஒரு முரண் இருக்கு. குடியால் வரும் வருமானம் வேண்டாம் என்று சொல்லிக் கொண்டுவந்த வரி விற்பனை வரி. இன்றைக்கு நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பொருளும் ஜிஎஸ்டிக்குள் வந்துவிட்டது. வராமல் மாநிலங்களின் கையில் நிற்கும் சிலவற்றில் முக்கியமானது மது. அதாவது அவர் கொண்டுவந்த வரியும் நிற்கிறது, அவர் வேண்டாம் என்ற வருமானமும் நிற்கிறது.

விவசாயிகளுக்கு 1938-ல் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. வட்டிக்கு வட்டி ஏறி நிலத்தை இழந்துகொண்டிருந்த குடும்பங்களுக்குப் பழைய கடன்களின் நிலுவை வட்டி குறைக்கப்பட்டது. வக்கீலாக கோர்ட்டிலும், ஆசிரமவாசியாக ஊரிலும் பார்த்த கஷ்டம் சட்டமாக மாறியது என்று சொல்லலாம்.

குடி, கடன் இரண்டும் ஒரு கூலிக் குடும்பத்தை எப்படி அழிக்கும் என்பதை வைத்து ராஜாஜி எழுதிய கதை திக்கற்ற பார்வதி. அவர் இறந்த பிறகு, 1974-ல், சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் லட்சுமி, ஸ்ரீகாந்த் நடிக்க அது படமானது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. படப்பிடிப்பு நடந்தது தொரப்பள்ளியில்.

அதே ஆட்சியில் இந்தித் திணிப்பு

நாணயத்துக்கு மறுபக்கம் உண்டு. 1938-ல் மாகாணத்தில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார் ராஜாஜி. தமிழ்நாடு கொந்தளித்தது. ஆசிரமத்தைத் திறந்து வைத்த அதே பெரியார் போராட்டத்தின் முன்னணிக்கு வந்தார். நண்பரின் ஆட்சியே அவரைச் சிறைக்கு அனுப்பியது. பெண்கள் கைக்குழந்தைகளோடு ஜெயிலுக்குப் போனார்கள். நடராசன், தாளமுத்து இருவரும் சிறைவாசத்தின்போது நோயுற்று 1939-ல் இறந்தார்கள்.

1939 அக்டோபரில் ராஜாஜி அரசு ராஜினாமா செய்தது. இந்தியாவைக் கேட்காமலே பிரிட்டன் போரில் இழுத்துவிட்டதை எதிர்த்து காங்கிரஸ் எடுத்த முடிவு அது. 1940 பிப்ரவரியில் கவர்னர் எர்ஸ்கின் இந்தி உத்தரவை ரத்து செய்தார்.

ஆனால் அதே 1939-ல்தான் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தலித்துகளும் நாடார் சமூகத்தினரும் நுழைந்தார்கள். ஜூலை 8-ம் தேதி, வைத்தியநாத ஐயர் தலைமையில். நுழைய விட்டவர்கள் மீது வழக்கு பாயாமல் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது ராஜாஜி அரசு. ஒரே மனிதர், ஒரே ஆட்சி, இரண்டு விதமான முடிவுகள். ராஜாஜியைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்பு சொல்ல முடியாததற்கு இதுவே உதாரணம்.

340 அறை மாளிகையில் ஏர் பிடித்தவர்

1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை ராஜாஜி ஆதரிக்கவில்லை. முஸ்லிம் லீக்கோடு பேசித் தீர்க்கணும் என்றார். 1944-ல் அதற்கு ஒரு திட்டமும் கொடுத்தார். சொந்தக் கட்சியிலேயே தனிமைப்பட்டார். ஆனாலும் சுதந்திரம் வந்ததும் நாடு அவரைத் தேடியது. 1947 ஆகஸ்டில் மேற்கு வங்க கவர்னர். 1948 ஜூனில் மவுண்ட்பேட்டன் கிளம்ப, அந்த இடத்துக்கு ராஜாஜி வந்தார்.

டெல்லியில் 340 அறைகள் கொண்ட மாளிகை. இன்றைய ராஷ்டிரபதி பவன். நாட்டில் உணவுப் பஞ்சம் இருந்த நேரம் என்பதால் மாளிகை நிலத்தில் ஒரு பகுதியைக் கோதுமை வயலாக்கி, தானே ஏர் பிடித்தார். 1950 ஜனவரி 26-ல் குடியரசு பிறந்ததும் அந்தப் பதவியே முடிவுக்கு வந்தது.

1953: தொரப்பள்ளி வீடு கேட்கும் கேள்வி

1952-ல் தேர்தலில் மெட்ராஸில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 73 வயது ராஜாஜியை அழைத்து முதல்வராக்கினார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. கவர்னர் மூலம் மேலவைக்கு நியமனமாகி முதல்வரானார். இதுவும் விமர்சனத்துக்கு ஆளானது. வந்த வேகத்தில் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார், மக்கள் வரவேற்றார்கள்.

அடுத்த வருஷம் வந்தது அந்தக் கல்வித் திட்டம். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாட நேரம் தினம் மூன்று மணி நேரமாகக் குறையும். பிள்ளைகள் இரண்டு ஷிப்டாக வருவார்கள். மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளணும். நகரப் பள்ளிகளுக்கு இது இல்லை.

அரசு சொன்ன காரணம் பணம். புதுப் பள்ளி கட்டவும் ஆசிரியர் போடவும் நிதி இல்லை, இருக்கிற பள்ளியில் இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்க இது வழி. கைத்தொழிலுக்கு மரியாதை கிடைக்கணும் என்ற காந்திய நம்பிக்கையும் பின்னால் இருந்தது. ஆசிரமத்தில் ராட்டை சுற்றியவருக்கு அது இயல்பான யோசனையாகக்கூடத் தோன்றியிருக்கலாம்.

ஆனால் ஊரில் தொழில் என்பது சாதியோடு ஒட்டியது. அப்பா தொழில் என்றால், சலவைத் தொழிலாளி மகன் வெளுக்கணும், முடிதிருத்துபவர் மகன் கத்தி பிடிக்கணும், பண்ணையாள் மகன் பண்ணையாளாகவே இருக்கணும் என்றுதான் மக்கள் புரிந்துகொண்டார்கள். பெரியாரும் திமுகவும் இதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது. காங்கிரஸுக்கு உள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலக, காமராஜர் முதல்வரானார். மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

இந்த இடத்தில்தான் தொரப்பள்ளி வீடு முக்கியமாகிறது. அந்த வீட்டில் பிறந்த பையன் அப்பாவின் முன்சீப் வேலையைக் கற்றுக்கொண்டு ஊரிலேயே உட்காரவில்லை. ஓசூர் பள்ளிக்கூடம், பெங்களூரு காலேஜ், சென்னை சட்டக் கல்வி என்று வீட்டை விட்டு வெளியேறித்தான் ராஜாஜி ஆனார். தனக்குக் கிடைத்த அந்த முழுநாள் பள்ளிக்கூடம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரைநாளாகக் குறைவதில் என்ன தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை. எழுத்து தெரிந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு பள்ளி போக மீதி நேரத்திலும் வீட்டில் படிப்பு இருக்கும். குடிசையில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மட்டும்தான் படிப்பு.

தீண்டாமைக்கு எதிராக கோர்ட் ஏறியவர், தலித்துகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டவர், இதைப் பார்க்கத் தவறினார். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று சொல்வதைவிட, நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இது பாடம் என்று எடுத்துக்கொள்வது சரியாக இருக்கும்.

80 வயதில் புதுக் கட்சி, 83 வயதில் அமெரிக்கா

பெரும்பாலானவர்கள் இதோடு ஓய்ந்திருப்பார்கள். ராஜாஜி ஓயவில்லை. 1954-ல் ராதாகிருஷ்ணன், சி.வி.ராமன் இருவரோடு முதல் பாரத ரத்னா. ராமாயணத்தை எளிய உரைநடையில் சொன்ன சக்கரவர்த்தித் திருமகன் புத்தகத்துக்கு 1958-ல் சாகித்ய அகாடமி விருது. 1959-ல், 80 வயதில், நேருவின் பொருளாதாரக் கொள்கையை எதிர்த்து சுதந்திரா கட்சி. லைசென்ஸ், பெர்மிட், கோட்டா என்று எல்லாத்துக்கும் அரசாங்கத்திடம் நிற்கும் முறையை அவர் தொடர்ந்து சாடினார்.

1962-ல் அமெரிக்கா போய், அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்தணும் என்று அதிபர் கென்னடியைச் சந்தித்துப் பேசினார். வயது 83.

1967-ல் இன்னொரு திருப்பம். இந்தியைக் கட்டாயமாக்கிய அதே ராஜாஜி, இந்தியை எதிர்த்த திமுகவோடு கூட்டணி வைத்தார். மத்திய அரசின் இந்திக் கொள்கையையும் அவர் அப்போது எதிர்த்தார். காங்கிரஸ் தோற்றது. அண்ணா முதல்வரானார்.

கடைசி வேண்டுகோள்

1971-ல் திமுக அரசு நிதி நெருக்கடியைச் சொல்லி மதுவிலக்கைத் தள்ளி வைக்க முடிவெடுத்தது. 92 வயது ராஜாஜி கொட்டும் மழையில் முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்குப் போனார். கடைகளைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை. 1937-ல் சேலத்தில் ஆரம்பித்த காரியம் அவர் கண்முன்னே கலைந்தது. சில வருஷத்தில் கடைகளை மூடினார்கள், பிறகு திறந்தார்கள், அந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கு.

1972 டிசம்பர் 25. சென்னை அரசு பொது மருத்துவமனையில் ராஜாஜி காலமானார். வயது 94. தகனத்துக்கு 93 வயது பெரியார் சக்கர நாற்காலியில் வந்தார். இந்தி, கல்வி, கடவுள் என்று எல்லாத்திலும் எதிரெதிரே நின்றவர், நண்பருக்காக எல்லோர் முன்பும் அழுதார். ஒரு வருஷம் முடிய ஒருநாள் இருக்கும்போது, 1973 டிசம்பர் 24-ல் அவரும் போய்விட்டார்.

எப்படிப் போய்ப் பார்க்கலாம்?

மல்லசமுத்திரத்தில் இருந்து கிளம்புகிறவர்கள் முதலில் சேலம் வந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் நெடுஞ்சாலையைப் பிடிக்கணும். சேலம் - ஓசூர் சுமார் 160 கிலோமீட்டர். ஓசூரை நெருங்கும்போது தொரப்பள்ளிக்குப் பிரியணும். காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பிடலாம். இன்னொரு நாள் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தையும் பார்த்துவிடுங்க. அதற்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, தாலுகாவுக்குள்ளேயே இருக்கு.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு விஷயம். தொரப்பள்ளி நினைவு இல்லத்தில் இருப்பது ஒரு பழைய வீடும் புகைப்படங்களும்தான். ஆடம்பரம் எதுவும் கிடையாது. பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஆனால் படங்களில் இருக்கும் பதவிகளை மட்டும் காட்டி நகர்ந்துவிட வேண்டாம். இந்த வீட்டுப் பையனுக்கு எது கிடைத்தது, அதே வருஷம் அதே ஊரில் ஒரு பண்ணையாள் வீட்டில் பிறந்த பையனுக்கு எது கிடைக்கவில்லை என்று கேட்டுப் பாருங்க. 1937-ல் கடையை மூடியதும், 1953-ல் பள்ளி நேரத்தைக் குறைத்ததும் ஒரே ஆள்தான் என்றும் சொல்லுங்க. எதைப் பாராட்டணும், எதைக் கண்டிக்கணும் என்பதை அவர்களே பேசட்டும்.